ஹெட் பதவியை விட்டு, பள்ளிகளுக்கு ஹெட் தேடித் தரும் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒரு இன்டிபென்டன்ட் ஸ்கூலில் ஹெட்டாக இருக்கிறேன். ஒப்பந்தம் அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. புதுப்பிக்க மனமில்லை. பள்ளிகளுக்கு ஹெட் தேடித் தரும் ஒரு நிறுவனம் என்னைக் கன்சல்டன்டாகச் சேரச் சொல்கிறது. இத்தனை வருடம் பள்ளி நடத்தியவளுக்கு இந்த வேலை கைவருமா? பிழைப்புக்கு ஆகுமா?

பதில்:

கைவரும். ஆனால் உங்களிடம் ஊறிப்போன ஒரு பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்: முடிவெடுக்கும் பழக்கம். பிழைப்பைப் பற்றிக் கேட்டால், முதல் இரண்டு வருடம் இது சோறு போடாது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். நானும் ஹெட் நாற்காலியிலிருந்து எழுந்து இந்தப் பக்கம் வந்தவன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வரி. தமிழ்நாட்டில் தனியார் பள்ளி என்றால் பெரும்பாலும் ஒரு தாளாளர் இருப்பார். முதல்வரை வைப்பதும் அவர்தான், மாற்றுவதும் அவர்தான். அமெரிக்க இன்டிபென்டன்ட் ஸ்கூலில் அப்படி ஒரு முதலாளி கிடையாது. அது லாப நோக்கமற்ற அமைப்பு. சட்டப்படி அதற்குப் பொறுப்பு டிரஸ்டிகள் அடங்கிய போர்டு. அந்த போர்டு நேரடியாக வேலைக்கு வைப்பது ஒரே ஒருவரைத்தான், அவர்தான் ஹெட் ஆஃப் ஸ்கூல். மற்ற எல்லாரையும் ஹெட் பார்த்துக்கொள்வார். போர்டில் இருப்பவர்கள் பெற்றோர், பழைய மாணவர்கள், வக்கீல்கள், முதலீட்டுத் துறைக்காரர்கள். எல்லாரும் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள். தங்கள் கம்பெனியில் எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்திருப்பார்கள். ஒரு பள்ளிக்கு ஹெட் எடுத்த அனுபவம் பெரும்பாலும் ஒருவருக்குக்கூட இருக்காது. முந்தைய ஹெட் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுப் போனால், அவரைத் தேர்ந்தெடுத்த டிரஸ்டிகள் யாரும் இப்போது போர்டில் இருக்கமாட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் இந்தத் தொழில் நிற்கிறது.

இந்தத் துறையில் பெயர்பெற்ற நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். பாஸ்டனில் இருக்கும் கார்னி சாண்டோ 1977இல் தொடங்கியது. பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பிடித்துத் தருவதோடு ஹெட் தேடலையும் நடத்துகிறது. ஆர்ஜி175, எஜுகேட்டர்ஸ் கொலாபரேட்டிவ் போன்றவற்றின் பலமே முன்னாள் ஹெட்கள்தான். ஐசக்சன் மில்லர், ஸ்பென்சர் ஸ்டூவர்ட் மாதிரி பல துறைகளுக்கும் ஆள் தேடும் பெரிய நிறுவனங்களும் சில பள்ளிகளுக்காக இறங்குவதுண்டு. முன்னாள் ஹெட்களை ஏன் வரவேற்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வேலையில் இருக்கும் ஒரு ஹெட், தெரியாத ரெக்ரூட்டர் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டார். நீங்கள் கூப்பிட்டால் எடுப்பார். உங்களைச் சேரச் சொல்லும் நிறுவனத்துக்கு முதலில் வேண்டியது அந்தத் தொடர்புதான், உங்கள் ஞானம் அப்புறம்தான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் பதவியை விட்ட நாளிலிருந்து அந்தத் தொடர்புகள் மெல்லத் தேய ஆரம்பிக்கும் என்பதை மறக்க வேண்டாம். மூன்று வருடம் ஓய்வெடுத்துவிட்டு வந்தால், போன் புத்தகத்தில் பாதிப் பேர் ரிட்டயர் ஆகியிருப்பார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைக் கல்யாணத் தரகர் வேலை மாதிரி என்பார்கள். ஓரளவு சரி. ஆனால் தரகர் இரண்டு வீட்டிலும் கமிஷன் வாங்குவார். இங்கே பணம் கொடுப்பது பள்ளி மட்டும். உங்கள் கட்சிக்காரர் போர்டு. வேட்பாளர் உங்கள் பழைய நண்பராக இருக்கலாம், நீங்களே கைபிடித்து வளர்த்த ஆளாகக்கூட இருக்கலாம். அவருக்கு நீங்கள் கடன்பட்டிருப்பது நேர்மையும் ரகசியமும். விசுவாசம் போர்டுக்கு. புதிதாக வரும் முன்னாள் ஹெட்களுக்குத் தொண்டையில் சிக்கும் முதல் முள் இதுதான். "நம்ம ஆளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போமே" என்ற எண்ணம் தானாக வரும். வந்த நிமிடமே அதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

வேலை எப்படி ஓடும் என்று பார்ப்போம். நீங்கள் இதை வேட்பாளராகப் பார்த்திருப்பீர்கள், மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கமாட்டீர்கள். புதிய ஹெட் பொறுப்பேற்பது வழக்கமாக ஜூலை 1. அதற்கு 14 முதல் 18 மாதம் முன்பே, வசந்த காலத்தில், இருக்கும் ஹெட் விடைபெறுவதாக அறிவிப்பு வரும். போர்டு ஒரு சர்ச் கமிட்டியை, அதாவது தேடல் குழுவை, அமைக்கும். மூன்று நான்கு நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். கன்சல்டன்ட் இரண்டு நாள் பள்ளியில் உட்கார்ந்து ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள், பழைய மாணவர்கள் என்று கூட்டம் கூட்டமாகச் சந்தித்துக் கேட்பார். அதிலிருந்து பள்ளியைப் பற்றியும் பதவியைப் பற்றியும் ஓர் அறிக்கை தயாராகும். கோடை முழுக்கப் போன். செப்டம்பரில் எட்டுப் பத்துப் பேரைக் கமிட்டி இரண்டு நாளில் நேர்காணல் செய்யும், ரகசியம் காக்கப் பெரும்பாலும் வெளியே ஒரு ஹோட்டலில். அக்டோபரில் இரண்டு மூன்று ஃபைனலிஸ்ட்கள் துணையோடு பள்ளிக்கு வருவார்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு முன் அறிவிப்பு. எல்லாத் தேடலும் இப்படிச் சீராகப் போகாது. நடுவில் ஹெட் திடீரென்று போனால் ஒரு வருடத்துக்கு இன்டரிம் ஹெட் வைத்துவிட்டு நிதானமாகத் தேடுவார்கள். (இன்டரிம் வேலையையும் யோசித்துப் பாருங்கள். கன்சல்டன்ட் வேலையைவிட அது உங்களுக்குப் பிடிக்கலாம். முடிவெடுக்கலாம், ஆனால் வருடக் கடைசியில் பெட்டி கட்டிவிடலாம்.)

இப்போது முடிவெடுக்கும் பழக்கத்துக்கு வருகிறேன். ஹெட்டாக இருக்கும்போது ஒரு அறைக்குள் நுழைந்தால் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் தலையசைத்தால் ஒரு திசை, புருவம் சுருக்கினால் இன்னொரு திசை. சர்ச் கமிட்டி அறையிலும் முதல் நாள் அப்படித்தான் பார்ப்பார்கள். "நீங்கள்தான் அனுபவசாலி, யாரை எடுக்கலாம் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அந்த ஹெட் உங்கள் ஹெட் ஆகிவிடுவார், அவர்களுடைய ஹெட் ஆகமாட்டார். இரண்டாவது வருடம் பட்ஜெட் பற்றாக்குறை, ஒரு ஆசிரியரை நீக்கிய சர்ச்சை என்று ஏதாவது கிளம்பும்போது, "கன்சல்டன்ட் சொன்னாரே" என்று போர்டு கைகழுவும். தாங்களே அடித்துப் பேசி, சண்டை போட்டு எடுத்த முடிவு என்றால் பக்கத்தில் நிற்பார்கள். புதிய ஹெட்டின் முதல் மூன்று வருடங்கள் நிலைக்குமா என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? இல்லை. கமிட்டி நன்றாக முடிவெடுக்கும்படி அறையை அமைத்துக் கொடுப்பது உங்கள் வேலை. ஒவ்வொரு நேர்காணல் முடிந்ததும் யாரும் பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லாரும் எழுத வேண்டும். எழுத வேண்டியது, வசந்த காலத்தில் அவர்களே ஒத்துக்கொண்ட தகுதிகளின் பேரில் இவர் எப்படி என்பது. அப்புறம் வரிசையாகப் பேச்சு. தலைவர் கடைசியில் பேசுவார். பணக்கார டிரஸ்டியும் கடைசிக்குப் பக்கத்தில். இந்தச் சின்ன ஒழுங்கு இல்லையென்றால், முதலில் வாய் திறந்தவரின் கருத்து இருபது நிமிடத்தில் கமிட்டியின் கருத்தாகிவிடும். ஒருமுறை ஒரு பள்ளியில் தலைவர் முதல் நேர்காணல் முடிந்து காபி ஊற்றும்போதே "நமக்கு ஹெட் கிடைத்துவிட்டார்" என்றார். இன்னும் ஏழு பேர் பாக்கி. நான் எதிர்வாதம் செய்யவில்லை. அன்று மாலை எல்லாரும் எழுதிய குறிப்புகளைப் பெயர் சொல்லாமல் வாசித்தேன். பதினொரு பேர் கமிட்டியில் பாதிப் பேருக்கு அந்த வேட்பாளர் நிதி விஷயத்தில் சொன்ன பதில் புரியவே இல்லை, தலைவருக்கு முன்னால் சொல்லக் கூசியிருந்தார்கள். அவர் ஃபைனலிஸ்ட் ஆனார், ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளோடு ஆனார்.

இன்னொரு இடத்திலும் வாய் திறக்க வேண்டியிருக்கும். "நல்லவர்தான், ஆனால் நம் பள்ளிக்குச் சரிப்பட்டு வருவாரா என்று தோன்றுகிறது" என்ற பேச்சு வரும்போது. இந்தத் துறையில் ஹெட் நாற்காலிகளில் நீண்ட காலம் வெள்ளைக்கார ஆண்கள்தான் இருந்தார்கள். அவர்களைப் போல் இல்லாத ஒருவர் வந்தால், காரணம் சொல்ல முடியாத தயக்கம் இப்படி மரியாதையாக வெளிவரும். நம்மைப் போன்றவர்கள் வேட்பாளர்களாக இதன் அடியை வாங்கியிருக்கிறோம். கன்சல்டன்டாக இருக்கும்போது பிரசங்கம் செய்தால் கமிட்டி மூடிக்கொள்ளும். "நீங்கள் எழுதி வைத்த ஆறு தகுதிகளில் எதில் குறை தெரிகிறது?" என்று கேட்டாலே போதும். பதில் இருந்தால் அது நியாயமான விவாதம். இல்லையென்றால் அறையில் இருப்பவர்களுக்கே தெரிந்துவிடும்.

உள்ளிருந்து விண்ணப்பிப்பவர்தான் எல்லாத் தேடலிலும் கஷ்டமான பகுதி. உதவி ஹெட், மேல்நிலைப் பிரிவுத் தலைவர், இப்படி ஒருவர் இருப்பார். ஆசிரியர்களில் பாதிப் பேர் அவர் பக்கம், மீதிப் பேருக்கு அவர்மேல் பழைய கணக்குகள். போர்டுக்கு அவரை எடுக்கும் எண்ணமே இல்லாமல் மரியாதைக்காக ஃபைனல் வரை இழுத்துக்கொண்டு போவார்கள். அது மரியாதை இல்லை, கொடுமை. எல்லார் முன்னாலும் இரண்டு நாள் நேர்காணல் கொடுத்துத் தோற்றவர், மறுநாள் காலை அதே வராண்டாவில் நடக்க வேண்டும். வாய்ப்பு உண்மையில் இல்லையென்றால் செமி ஃபைனல் கட்டத்திலேயே, ரகசியமாக, கமிட்டித் தலைவரும் கன்சல்டன்டும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். தலைவர்கள் இதிலிருந்து நழுவப் பார்ப்பார்கள். விடாதீர்கள். வெளியாள்களைப் பிடிக்கக் கிளம்பும்போதும் இதே சங்கடம் வரும்: "உள்ளே ஆள் இருக்கிறாராமே, நாங்கள் சும்மா அலங்காரத்துக்கா?" என்று நல்ல வேட்பாளர்கள் கேட்பார்கள். பொய் சொன்னால் அந்த ஒரு தேடலோடு போகாது. மொத்தத் துறையும் சின்ன ஊர் மாதிரி, பேச்சு பரவிவிடும்.

கிடைக்காதவர்களுக்குச் செய்யும் போன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தேடலில் ஒருவருக்குத்தான் வேலை. மற்ற அத்தனை பேருக்கும் நீங்கள்தான் கெட்ட செய்தி சொல்பவர். மின்னஞ்சல் அனுப்பித் தப்பிக்கும் கன்சல்டன்ட்கள் உண்டு. கூப்பிட்டு, "நிதி திரட்டுவது பற்றிய கேள்விக்கு மூன்று முறை பேச்சை மாற்றினீர்கள், கமிட்டி கவனித்தது" என்று பயன்படும்படி ஒரு விஷயம் சொல்பவரை அவர்கள் மறக்கமாட்டார்கள். நான்கு வருடம் கழித்து வேறு ஒரு பள்ளிக்கு அவரே சரியான ஆளாக வருவார். அப்போது உங்கள் போனை எடுப்பார்.

ரெஃபரன்ஸ் எடுப்பதில் உங்கள் அனுபவம் நேரடியாக உதவும். ஹெட்டாக எத்தனையோ ஆசிரியர்களுக்காகக் கேட்டிருப்பீர்கள், சொல்லியிருப்பீர்கள். புகழ்ச்சியில் எது வெறும் காற்று என்று காது பிடித்துவிடும். ஆனால் ஒரு ஹெட்டுக்காகக் கேட்பது இன்னும் நுட்பம். அவர் கொடுத்த பட்டியலில் இருப்பவர்கள் நல்லதுதான் சொல்வார்கள். அதனால் அவருடைய பழைய போர்டு தலைவர், அவரிடம் வேலை பார்த்து விலகிய கணக்குப் பிரிவு அதிகாரி, இவர்களிடமும் பேச வேண்டும், எந்தக் கட்டத்தில் யாரிடம் பேசுகிறோம் என்பதை வேட்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. வேலையில் இருக்கும் ஹெட் வேறு இடம் பார்க்கிறார் என்பது அவருடைய போர்டு காதுக்கு அகாலத்தில் போனால் இருக்கிற வேலையும் ஆட்டம் காணும். "எந்த மாதிரி நிலைமையில் இவர் தடுமாறுவார்?", "மறுபடி இவரை வேலைக்கு வைப்பீர்களா?" என்ற இரண்டு கேள்விகளுக்கு வரும் பதிலைவிட, பதிலுக்கு முன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதை நான் அதிகம் கவனிப்பேன்.

இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. 2016இல் பாஸ்டன் குளோப் நாளிதழின் ஸ்பாட்லைட் குழு, நியூ இங்கிலாந்து தனியார் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாக நடந்த பாலியல் குற்றங்களை வெளிக்கொண்டு வந்தது. 2017 ஏப்ரலில் கனெக்டிகட்டின் சோட் ரோஸ்மேரி ஹால் பள்ளி வெளியிட்ட விசாரணை அறிக்கை எல்லாரையும் உலுக்கியது. குற்றம் செய்த ஆசிரியர்கள் சிலர் சத்தமில்லாமல் ராஜினாமா செய்துவிட்டு, கையில் பரிந்துரைக் கடிதத்தோடு வேறு பள்ளிகளுக்குப் போயிருந்தார்கள். 2018இல் இன்டிபென்டன்ட் பள்ளிகளின் தேசியச் சங்கமான என்ஏஐஎஸ்ஸும், விடுதிப் பள்ளிகள் சங்கமும் சேர்ந்து அமைத்த பணிக்குழு தன் பரிந்துரைகளை வெளியிட்டது. பென்சில்வேனியாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் 168 உங்களுக்குத் தெரிந்ததுதான்: மாணவர்களோடு பழகும் வேலைக்கு வருபவரின் பழைய முதலாளிகளிடம் இது பற்றி எழுத்தில் கேட்டே ஆக வேண்டும், தனியார் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். நியூ ஜெர்சியிலும் 2018 முதல் இதே மாதிரிச் சட்டம் இருக்கிறது. பல மாநிலங்களில் பள்ளி நடத்திப் பார்க்காத கன்சல்டன்டுக்கு இந்த வேறுபாடுகள் பிடிபடக் கொஞ்சம் காலம் ஆகும். ஹெட் பதவிக்கு வருபவர் பெரிய மனிதர், அவரிடம் போய் இதைக் கேட்பதா என்ற கூச்சம் இன்னமும் சில போர்டுகளுக்கு உண்டு. கேட்கத்தான் வேண்டும். அவர் பழைய பள்ளியில் இப்படி ஒரு புகார் வந்தபோது என்ன செய்தார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சட்டத்தில் இன்னொரு சின்ன விஷயம். கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதலும், மாசசூசெட்ஸில் அதே ஆண்டு ஜூலை முதலும், இப்போது என்ன சம்பளம் வாங்குகிறீர்கள் என்று வேட்பாளரிடம் கேட்கக் கூடாது. புதிய ஹெட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஒத்த பள்ளிகளின் ஃபார்ம் 990களை வைத்து போர்டு தீர்மானிக்கும். வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் அந்தப் படிவம் பொது ஆவணம். ஹெட்டின் சம்பளம் அதில் இருக்கும். அப்படி ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுத்ததைக் குறித்து வைத்தால், அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டிலிருந்து போர்டுக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். தேவாலயத்தோடு இணைந்த சில பள்ளிகள் 990 தாக்கல் செய்ய வேண்டியதில்லை, அங்கே கொஞ்சம் தடவித்தான் பார்க்க வேண்டும்.

சரி, பணம். கம்பெனி உலகத்தில் உயர் பதவிக்கு ஆள் தேடித் தந்தால், அந்தப் பதவியின் முதல் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய வழக்கம். பள்ளிகளுக்கு ஒரு தொகை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளும் நிறுவனங்கள் பல; பயணச் செலவு தனி. பணம் தவணையாக வரும். அதில் ஒரு பங்குதான் உங்களுக்கு, எவ்வளவு என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. தேடலை நீங்களே பிடித்து வந்தால் ஒரு பங்கு, நிறுவனம் பிடித்ததில் நீங்கள் வேலை செய்தால் ஒரு பங்கு என்று இருக்கும். முதல் பருவத்தில் ஒரு மூத்த கன்சல்டன்டோடு இரண்டாம் ஆளாக ஒன்றிரண்டு தேடல்கள் கிடைக்கும், அவ்வளவுதான்.

உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லாத, ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கப்போகிற விஷயங்கள் வேறு. முதலில் வீடு. நீங்கள் பள்ளி கொடுத்த ஹெட் இல்லத்தில் இருக்கிறீர்கள் என்றால், ஜூன் 30 அன்று வேலையோடு கூரையும் போகிறது. வளாகத்திலேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனையில் கொடுத்த வீடு என்பதால் அதற்கு வருமான வரியும் கட்டாமல் இருந்திருப்பீர்கள். இனி வாடகை, வரி கட்டிய பணத்திலிருந்து. அடுத்தது மருத்துவக் காப்பீடு. இந்த நிறுவனங்களில் பலர் சம்பள ஊழியர்கள் அல்ல, 1099 ஒப்பந்தக்காரர்கள், அதாவது வரிக் கணக்கில் சுயதொழில் செய்பவர்கள். பள்ளியின் காப்பீட்டை, வேலையை விட்டபிறகும் தொடரவிடும் கோப்ரா சட்டம் வழியாக 18 மாதம் நீட்டிக்கலாம், முழுப் பிரீமியமும் உங்கள் கையிலிருந்து. 65 வயது ஆனால்தான் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு. சுயதொழில் வரி 15.3 சதவீதம், மதிப்பீட்டு வரியை வருடத்துக்கு நான்கு தவணையில் நீங்களே கட்ட வேண்டும். பள்ளி உங்களைத் தக்கவைக்க 457(எஃப்) வகையில் ஏதாவது ஒத்திவைத்த தொகை ஏற்பாடு செய்திருந்தால், அது எந்தத் தேதியில் உங்களுக்குச் சொந்தமாகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் முன்னால் விலகினாலும் மொத்தமும் போய்விடக்கூடும். உங்கள் துணைவருக்கு காப்பீட்டோடு வேலை இருந்தால் இந்தப் பத்தியில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கிறது. அதில் செய்ய வேண்டியதாக நான் நினைப்பது ஒன்றிரண்டுதான். மிடில் ஸ்டேட்ஸ் போன்ற அங்கீகார அமைப்பின் ஆய்வுக் குழுவிலோ, உங்கள் மாநிலச் சங்கத்தின் குழுவிலோ சேர்ந்து ஒரு பள்ளிக்காவது போய் வாருங்கள். மூன்று நாளில் தெரியாத பள்ளி ஒன்றில் நூறு பேர் சொல்வதைக் கேட்டு, உங்கள் கருத்தைக் கலக்காமல் எழுதுவதைவிட, கன்சல்டன்ட் வேலைக்கு நல்ல பயிற்சி வேறில்லை. வேறொரு பள்ளியின் போர்டில் டிரஸ்டியாக இடம் கிடைத்தால் விடாதீர்கள். போர்டு அறையில் ஹெட் வெளியே போனபிறகு என்ன பேசுகிறார்கள் என்பதை நீங்கள் இதுவரை கேட்டதே இல்லை. ஹெட் ஆகத் துடிக்கும் அடுத்த தலைமுறையோடு பழக்கம் வேண்டும். என்ஏஐஎஸ் நடத்தும் வருங்கால ஹெட்களுக்கான ஃபெலோஷிப்பில் வழிகாட்டியாகப் போகலாம்; கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் இருக்கும் கிளிங்கன்ஸ்டைன் மையத்தில் படித்தவர்கள் உங்கள் பள்ளியிலேயே இருப்பார்கள். உங்கள் வயதுக்காரர்களை மட்டும் தெரிந்து வைத்திருந்தால், ஐந்து வருடத்தில் தேட ஆள் இருக்காது.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பார்கள், இந்தியாவில் இதற்கு இடமுண்டா என்று. தாளாளர் இருக்கும் பள்ளியில் இல்லை. போர்டு நடத்தும் பழைய சர்வதேசப் பள்ளிகளில் உண்டு. 1901இல் தொடங்கிய கொடைக்கானல் பள்ளி, 1854இல் தொடங்கிய முசோரியின் உட்ஸ்டாக் போன்றவை உலகம் முழுவதிலிருந்தும் தலைமைக்கு ஆள் பார்க்கக்கூடியவை. ஆனால் அது சர்வதேசப் பள்ளிகளின் தனி உலகம். 1955இல் தொடங்கிய ஐஎஸ்எஸ், சர்ச் அசோசியேட்ஸ் போன்றவர்கள் அங்கே வேரூன்றியிருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பெயர் எடுத்தபிறகு யோசிக்கலாம்.

இனி உங்களைக் கூப்பிடும் நிறுவனத்திடம் பேச வேண்டியது. நீங்கள் விலகப் போவதை உங்கள் போர்டு தலைவரிடம் சொல்லிவிட்டீர்களா? கேள்வியில் அது இல்லை. சொல்லவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், ஏனென்றால் உங்கள் இடத்துக்கு ஆள் தேட அவர்களுக்கு முழுப் பருவம் வேண்டும். அடுத்து, உங்கள் பள்ளியின் தேடலுக்கு இதே நிறுவனம் போட்டியிடுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். "ஆமாம்" என்றால், அவர்களோடு கையெழுத்துப் போடுவதை அந்தத் தேடல் முடியும்வரை தள்ளிப்போடுங்கள், அல்லது அவர்கள் போட்டியிலிருந்து விலகட்டும். உங்கள் வாரிசைத் தேடும் மேசைக்குப் பக்கத்தில்கூட நீங்கள் இருக்கக் கூடாது. நடந்தால் ஆசிரியர் அறையில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் கேட்க வேண்டியவை: ஒரே வேட்பாளரை ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிகளுக்கு முன்னிறுத்துவார்களா, அப்படியானால் இரண்டு பள்ளிகளுக்கும் சொல்வார்களா? தாங்கள் அமர்த்திய ஹெட்டை எத்தனை வருடம் வேறு பள்ளிக்கு இழுக்கமாட்டார்கள்? அந்த ஹெட் ஒரு வருடத்தில் விலகினால் மறுதேடல் இலவசமா, அந்த இலவச உழைப்பு யார் தலையில்? நீங்கள் கொண்டு வந்த பள்ளி, நீங்கள் விலகும்போது யாருடையது? வழக்கு வந்தால் காப்பீடு யார் எடுத்திருக்கிறார்கள்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தரத் தயங்கினால் வேறு நிறுவனம் பாருங்கள். தந்தால், ஹெட் தேடலில் நேராக இறங்காமல், முதல் வருடம் ஒரு பிரிவுத் தலைவர் தேடலைக் கேட்டு வாங்குங்கள். கமிட்டி சின்னது, போர்டு அரசியல் குறைவு, முடிவெடுப்பது அங்கே ஹெட். அவர் அறையில் நீங்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தப்பான ஆளை எடுக்கப் போகிறார் என்று உங்களுக்குத் தோன்றும்போதும் கேள்வி மட்டும் கேட்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முடிந்தால் அடுத்த வசந்தத்தில் பெரிய தேடல்களுக்குப் போகலாம்.